செவ்வண்டுகளுக்கு ஒரு ரைம்கீப்பர்

இந்தப் பூமியில் வண்டுகளுக்கு வரவுப் பதிவேடு வைத்திருந்த ஒரே மனிதர் எங்கள் வேலணையில்தான் இருந்தார். ‘எங்கள் ஊரிலும் ஒருவர் இருந்தார்’ என்று மறுப்பு எழுத நினைப்பவர்கள் கொஞ்சம் பொறுங்கள். உங்கள் ஊர்க்காரர் காக்கிச் சட்டையும் கழுத்தில் விசிலுமாகச் சைக்கிளில் வந்தவரா? வாளியின் மூடியைத் திறக்குமுன் கைக்கடிகாரத்தைப் பார்த்து நேரம் குறித்தவரா? விழுந்து கிடக்கும் வண்டு செத்ததா, உயிரோடு இருக்கிறதா, கால் முறிந்ததா என்று தனித்தனி நிரல் போட்டவரா? இல்லையென்றால் தபால் செலவை மிச்சம் பிடியுங்கள்.

அவருக்குத் தாய் தகப்பன் வைத்த பெயர் ஒன்று அடையாள அட்டையில் இருந்திருக்கும். ஊர் அவரை வாளியர் என்றது. கடைசியில் ஓர் ‘அர்’ போட்டது மரியாதைக்கு. பட்டப்பெயர் தெளிப்பதில்கூட மரியாதை தவறாத ஊர் எங்களுடையது. இப்போது மகளோடு வவுனியாவில் இருக்கிறார். அங்கே எதை எண்ணுகிறார் என்று தெரியவில்லை. எதையாவது எண்ணிக்கொண்டுதான் இருப்பார்.

வாளியர் ஆகுமுன் அவர் பஸ் ரைம்கீப்பர். ஒரு தகரக் கூண்டுக்குள் இருந்து, பண்ணைப் பாலத்தால் வருகிற பஸ் எல்லாம் வந்த நேரம், போன நேரம் எழுதுவது வேலை. பஸ்ஸை நேரத்துக்கு வரவைப்பது அவர் வேலை அல்ல. அது யார் வேலை என்று இன்றுவரை ஒருவருக்கும் தெரியாது. எவ்வளவு பிந்தியது என்பதை நிமிடம் தவறாமல் எழுதுவதே அவர் கடமை. பென்சன் எடுத்த பிறகு எழுத ஒன்றுமில்லாமல் மனிதர் வாடிப்போனார். மனைவி குசினிக்குள் சமைக்கப் போன நேரத்தையும் வந்த நேரத்தையும் அவர் எழுதத் தொடங்கிவிட்டார்; அதைச் சொல்லி அந்த மனைவி என் அம்மாவிடம் வந்து அழுததை நானே கேட்டேன்.

அந்தக் குடும்பத்தைக் காப்பாற்றியது செவ்வண்டுதான்.

தென்னைக்கு வண்டு வந்துவிட்டது என்று ஊரில் கதை எழும்பியபோது, விவசாயப் பகுதியிலிருந்து ஓர் உத்தியோகத்தர் வந்து பொதுமண்டபத்தில் வகுப்பு வைத்தார். ஆளுக்கொரு வாளி இலவசம் என்று ஒலிபெருக்கியில் சொல்லியிருந்தார்கள். ஆகவே முற்றத்தில் ஒரு முருங்கை மட்டும் வைத்திருந்தவர்களும் தென்னைமீது கவலை கொண்டு வந்திருந்தார்கள். வாளியரும் அந்த முருங்கைக் கூட்டத்தில் ஒருவர். அவரிடம் ஒரு தென்னங்கன்றுகூடக் கிடையாது.

உத்தியோகத்தர் நல்ல மனிதர், விளங்கத்தான் சொன்னார். செவ்வண்டு தென்னையில் காயம்பட்ட இடமாகப் பார்த்து முட்டை இடும். புழு உள்ளே இருந்து தின்னும். வெளியே மரம் ஒன்றும் தெரியாததுபோல் நிற்கும். குருத்துச் சாயும்போதுதான் எங்களுக்குத் தெரியவரும், அப்போது செய்ய ஒன்றும் இராது. ஆகவே வண்டு எந்தப் பக்கம் எவ்வளவு திரிகிறது என்று முன்கூட்டியே அறிய இந்தப் பெரமோன் பொறி. ஒரு வாளி, பக்கங்களில் துளைகள், மூடியின் அடியில் தொங்கும் ஒரு சின்னப் பைக்கற். பைக்கற்றுக்குள் ஆண் வண்டின் மணம், அதுவும் தொழிற்சாலையில் செய்த மணம். வண்டு மணந்துகொண்டு வந்து, துளையால் நுழைந்து, சவர்க்காரத் தண்ணீருக்குள் விழும். கிழமைக்கு ஒருதரம் திறந்து எண்ணவேண்டும்.

கொப்பியும் பேனையுமாக எழும்பியவர் வாளியர் மட்டும்தான்.

“ஐயா, ஆம்பிளை வண்டின்ர மணத்துக்குப் பொம்பிளை வண்டு மட்டுமோ வரும்?”

“ரெண்டும் வரும் அண்ணை. பொம்பிளைதான் கூட.”

“அப்ப மணம் விடுற ஆம்பிளை வாளிக்குள்ள இருக்காதோ?”

“இருக்காது. மணம் மட்டும்தான்.”

மண்டபமே சிரித்தது. பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கிற நானும் மூன்றாம் வரிசையில் இருந்து கண்ணில் நீர் வரச் சிரித்தேன். வாளியர் மட்டும் சிரிக்காமல் ‘ஆம்பிளை இல்லை’ என்று எழுதி அடிக்கோடு போட்டார்.

அடுத்த நாள் ஊர் முழுக்க ஒரே முறைப்பாடு. பழுதான வாளியைத் தலையில் கட்டிவிட்டார்களாம், எல்லா வாளியிலும் ஓட்டையாம். வகுப்பில் ரோல்ஸ் சாப்பிட்டதில் அந்தப் பகுதி பலருக்குக் காதில் விழவில்லை. “சும்மா குடுக்கிறதெண்டால் உப்பிடித்தான் குடுப்பாங்கள்” என்று சொல்லி, என் அம்மா நான்கு துளையையும் மெழுகுதிரி உருக்கி அடைத்து, அதற்குள் மாட்டுக்குக் கஞ்சி ஊற்றினார். பின்வீட்டுச் சின்னராசா அண்ணை அதில் றோசாக் கன்று நட்டார். தண்ணீர் வடிய வசதியாக அரசாங்கமே ஓட்டை போட்டுத் தந்ததாக அவருக்கு மெத்தச் சந்தோசம்.

மூன்றாம் நாள் வாளியர் எங்கள் வேலிப் படலையடியில் சைக்கிளை நிறுத்தினார். கையில் வாளி வாங்கியவர்களின் பட்டியல்.

“தங்கச்சி, வாளி எங்கை?”

“எந்த வாளி அண்ணை?” என்றார் அம்மா.

“மாடு தலையை விட்டிருக்கிற வாளி.”

வீடுவீடாகப் போய்ப் பதினொரு வாளிகளை அவர் மீட்டெடுத்தார். மெழுகைச் சுரண்டினார், றோசாவைப் பிடுங்கி அதன் சொந்தக்காரர் கையிலேயே கொடுத்தார். வண்டு பிடித்து ஏற வசதியாக வாளிக்கு வெளியே சாக்குத் துண்டு சுற்றினார். உள்ளே தண்ணீரோடு சேர்ப்பதற்குக் கொஞ்சம் கள்ளும் வேண்டும், அந்தப் புளித்த மணம் வண்டுக்குப் பிடிக்கும். கள்ளு என்றதும் ஒரு கதை வரும் என்று நிமிர்ந்து இருக்கிறவர்கள் மன்னிக்கவேண்டும். அவர் முதலில் போட்டது சவர்க்காரத் தூள், பிறகுதான் கள்ளு. ஒரே ஒருவர் குடித்துப் பார்த்தார், அவரும் அதைப் பற்றிக் கதைக்க விரும்பவில்லை.

இந்தப் பொறுப்பை அவருக்குக் கொடுத்தது யார் என்று கேட்டால், ஒருவருமில்லை. கதிரையை விட்டு எழும்பாமல் பதினொரு இடத்துக் கணக்கும் மேசைக்கு வருகிறதே என்று உத்தியோகத்தரும் கேள்வி கேட்கவில்லை.

பொறியைத் தென்னையில் கட்டவேண்டாம், இளம் மரங்களுக்குக் கிட்டவும் வைக்கவேண்டாம், மணத்துக்கு வருகிற வண்டெல்லாம் வாளிக்குள் விழாது, சில பக்கத்து மரத்தில் இறங்கிவிடும், ஆகவே காணியின் எல்லையில் வையுங்கள் என்று வாளியோடு தந்த துண்டுப்பிரசுரம் சொன்னது. எல்லை என்ற சொல்லை இவ்வளவு சாதாரணமாக அச்சடித்தவர் யாழ்ப்பாணத்தைப் படத்தில்கூடப் பார்த்திராதவராக இருக்கவேண்டும். எங்கள் ஊரில் எல்லையில் ஒரு தும்பைச் செடி முளைத்தாலே அது யாருடையது என்று நீதிமன்றம்வரை போவோம். எங்களுக்கும் சின்னராசா அண்ணைக்கும் நடுவிலுள்ள வேலி நான் பிறக்குமுன்பே வழக்குக் கண்ட வேலி. அதில்தான் வாளியர் போய் வாளியைத் தூக்கினார்.

“என்ர காணி வண்டை ஏன் காணும் அங்கால இழுக்கிறீர்?” என்று சின்னராசா அண்ணை வேலிக்கு மேலால் கேட்டார்.

“அவரின்ர வண்டு எங்கட வேலியில விழக்கூடாது, சொல்லிப்போட்டன்” என்றார் அம்மா இந்தப் பக்கத்தால்.

வாளியர் தண்ணீருக்குள் கைவிட்டு ஒரு வண்டை அதன் மூக்கைப் பிடித்துத் தூக்கினார். செவ்வண்டுக்கு முன்னால் தும்பிக்கைபோல ஒரு மூக்கு இருக்கும். அதை இரண்டு பக்கமும் திருப்பிக் காட்டினார். “நெத்தியில பேர் எழுதியிருக்கோ எண்டு பாருங்கோ. இல்லையெண்டால் நான் எழுதப்போறன்.”

அதற்குப் பிறகு ஒவ்வொரு கிழமையும் வாளி இடம் மாறியது. ஒரு கிழமை எங்கள் பக்கம், மறு கிழமை அவர்கள் பக்கம். ஊரில் வேலிக் கதியால் நகர்கிற அதே இரகசிய முறையில் வாளியும் நகர்ந்தது. வாளியர் ஒருவரையும் ஏசவில்லை. முழம் போட்டு அளந்து, ‘கிழக்கே இரண்டு முழம் நகர்வு. வாளிக்குக் கால் இல்லை’ என்று கொப்பியில் எழுதி, அந்தக் கொப்பியை இரண்டு வீட்டாரிடமும் வாசிக்கக் கொடுத்தார். கடைசியில் எல்லைக் கோட்டின் நடு மத்தியில் தானே ஒரு கட்டை நட்டு வாளியை அதில் மாட்டினார். மற்றவர் அதை நகர்த்திவிடுவாரோ என்று இரண்டு பக்கமும் காவல் இருந்ததில், அந்த வேலியில் ஒரே இடத்தில் நின்ற முதல் கட்டை அதுதான்.

சனிக்கிழமை காலை எட்டரைக்கு அவருடைய முதல் வாளி. எங்கள் வாளி பத்து ஐந்துக்கு. பத்து இரண்டுக்கே வந்துவிட்டால் படலைக்கு வெளியே வெயிலில் நிற்பார்.

“உள்ளுக்கை வாங்கோவன் ஐயா” என்று நான் கூப்பிட்டால், “இன்னும் மூண்டு நிமிசம் கிடக்கு ரீச்சர்” என்பார்.

சரியாகப் பத்து ஐந்துக்கு விசில் ஊதுவார். இது வண்டுக்கா எங்களுக்கா என்று தெரியாது. மூடியைத் திறப்பார், எண்ணுவார், எழுதுவார், தண்ணீரை மாற்றுவார், போய்விடுவார். அம்மா ஊற்றி வைத்த தேத்தண்ணி ஆறிக்கிடக்கும். பஸ்களில் கண்டிராத ஒழுங்கை வண்டுகளில் கண்டுவிட்ட மனிதரின் நிம்மதி அவர் முகத்தில் தெரியும்.

எண்ணிக்கை விசயத்தில் மட்டும் அவரோடு ஒருவருக்கும் சரிவராது. வண்டு விழுந்த காணி என்றால் அது ஏதோ குடும்பத்தில் ஒழுக்கக்கேடு என்பதுபோல ஊர் நினைத்தது. ஓய்வுபெற்ற அதிபர் ஒருவர், “வெளிநாட்டிலயிருந்து மகன் கேக்கிறவன், ஆறை மூண்டாப் போட்டுவிடுமன்” என்று தன்மையாகக் கேட்டிருக்கிறார்.

“ஆறு ஆறுதான். அதில ஒண்டுக்குக் கால் முறிஞ்சிருக்கு. அதையும் எழுதட்டோ?” என்றாராம் வாளியர்.

இன்னொரு பழக்கமும் இருந்தது. எந்த மரத்திலாவது சந்தேகம் வந்தால், சைக்கிளைச் சாத்திவிட்டு, மரத்தைக் கட்டிப்பிடித்துக் காதை வைத்துக்கொண்டு கண்ணை மூடி நிற்பார். உள்ளே புழு கொறிக்கிற சத்தம் கேட்குமாம். பாலத்தில் பஸ் வரும்போதே எஞ்சின் சத்தத்தை வைத்து எந்த பஸ் என்று சொன்ன காது அது. ஆனால் வழியில் போகிறவர்களுக்கு இந்த விளக்கம் தெரியாதே. அறுபத்தாறு வயது மனிதர் ஒவ்வொரு வளவாகப் போய்த் தென்னையைத் தழுவுகிறார் என்று கரம்பொன் ஊர்வரை கதை போனது. அதைப் பரப்பியதில் எனக்கும் ஒரு சின்னப் பங்கு உண்டு, மறைப்பானேன்.

இந்த இடத்தில் என் கலியாணம் குறுக்கே வருகிறது.

எனக்கு அப்போது முப்பத்துநான்கு வயது. அம்மாவின் சொல்லில் இருபத்தொன்பது. மாப்பிள்ளை சுவிஸில். சாதகம் அச்சொட்டாகப் பொருந்தியிருந்தது. என்னை அவர்கள் வட்ஸ்அப் படத்தில் பார்த்துத் திருப்திப்பட்டுவிட்டார்கள். நானும் அவரை வீடியோவில் பார்த்தேன். நெற்றியும் கூரையும் தெரிந்தன. மூடிக்குக் கீழே பைக்கற் தொங்குகிறது, மணம் வருகிறது, உள்ளே ஆள் இல்லை. வகுப்பில் சிரித்தது ஞாபகம் வந்து எனக்கே வெட்கமாகப் போய்விட்டது.

ஆனால் சீதனமாகக் கொடுக்கவிருந்த எங்கள் வீட்டுக் காணியைப் படத்தில் பார்த்துத் திருப்திப்பட முடியாது. பெண்ணைப்போலவா, காணி முக்கியமான பொருள். நாங்கள் திரும்பி வந்து குடியேறிய பிறகு அப்பா ஒவ்வொரு கன்றாக நட்ட நாற்பத்திரண்டு தென்னைகள் அதில் நின்றன. காய்க்கத் தொடங்கிய வருடம் அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். எனக்கென்று இந்த உலகத்தில் இருந்தது அந்த நாற்பத்திரண்டும்தான். சூரிச் பக்கம் ஏழாம் மாடியில் வசிக்கிற ஒருவருக்கு வேலணையில் நாற்பத்திரண்டு தென்னை எதற்கு என்று நான் கேட்டேன். வாயை மூடு, இதுவும் தவறினால் பிறகு ஒருவரும் வரமாட்டார்கள் என்றார் அம்மா. அதை அவர் கோபத்தோடு சொல்லவில்லை. அதனால் நான் வாயை மூடினேன். உண்மையைச் சொன்னால் எனக்கும் இது தவறக்கூடாது என்றுதான் இருந்தது.

மாப்பிள்ளையின் தாயும் தகப்பனும் காணி பார்க்க வருவதற்குச் சாத்திரியார் வைத்த நல்ல நேரம் சனிக்கிழமை காலை பத்துமணி. அம்மா தலையில் கைவைத்தார். பிறகு வாளியரைக் கூப்பிட்டு, அந்தச் சனி மட்டும் பின்னேரம் வரச் சொல்லிக் கேட்டார்.

“ஏலாது தங்கச்சி. உமக்காக ஒரு வாளி பிந்தினால் பதினொண்டும் பிந்தும்” என்றார் அவர். பஸ்காரர் ஒருவரும் இந்த வாக்கியத்தை வாழ்க்கையில் சொல்லியிருக்கமாட்டார்கள்.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. அம்மா மரங்களுக்கும் அலங்காரம் செய்ய முடிவெடுத்தார். ஆள் பிடித்து, தொங்கிக்கொண்டிருந்த ஓலைகளோடு பச்சை ஓலையும் சேர்த்து, மட்டையை அடியோடு வெட்டி, நாற்பத்திரண்டு மரத்துக்கும் தலை திருத்தினார். அடிமரத்துக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தார். மரங்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள் பரிசளிப்புக்கு நிற்பதுபோல நின்றன. செவ்வாய்க்கிழமை அந்த வழியால் போன வாளியர் சைக்கிளால் குதித்தே இறங்கிவிட்டார்.

“என்ன செய்யிறீர் தங்கச்சி! பச்சைக் காயம்! உந்த மணத்துக்கு ஊர் வண்டெல்லாம் இஞ்சைதான் வரப்போகுது!”

“பின்ன, மாப்பிள்ளை வீட்டார் வரேக்கை மரம் பரட்டைத் தலையோட நிக்கிறதோ அண்ணை?”

வாளியர் ஒவ்வொரு மரமாக அண்ணாந்து பார்த்தார். வெட்டின இடமெல்லாம் ஈரமாக இருந்தது. அவர் போய், எங்கிருந்தோ தார் வாங்கி வந்து எட்டிய மரங்களுக்கெல்லாம் தானே பூசினார். அம்மாவுக்கு அந்தக் கறுப்பைப் பார்க்க அழுகை வந்தது.

வியாழக்கிழமை பின்னேரம் அம்மா என்னை வாளியடிக்கு அனுப்பினார். வழமையாக மூன்று, நான்கு விழுகிற வாளியில் பன்னிரண்டு கிடந்தன. பிள்ளைகள் விடையைப் பார்த்து எழுதினால் காதைத் திருகுகிற கணித ஆசிரியை, அந்தப் பன்னிரண்டையும் வாழையடியில் கிடங்கு கிண்டிப் புதைத்தேன். சனிக்கிழமை வாளியர் திறக்கும்போது ஒன்றோ இரண்டோதான் இருக்கும், மானம் தப்பும் என்பது எங்கள் திட்டம். வாளியை வெறுமையாக்கினால் வண்டு வருவது நின்றுவிடும் என்று ஒரு பட்டதாரி நம்பியது இந்த ஊரில்தான் நடக்கும்.

சனிக்கிழமை பத்துமணிக்கு வாகனம் வந்தது. மாப்பிள்ளையின் தகப்பன் வெள்ளை வேட்டி, தாய் பட்டுச் சேலை, தகப்பனின் கையில் போன், போனுக்குள் மாப்பிள்ளை. போனை மரம் மரமாகக் கொண்டுபோய்க் காட்டினார்கள். மாப்பிள்ளை எல்லா மரத்துக்கும் “ம்” சொன்னார். என்னைக் காட்டியபோதும் “ம்” தான். நான் சேலையைப் பிடித்துக்கொண்டு வேலியடியில் நின்றேன்.

பத்து ஐந்து. விசில்.

“இது ஆர்?” என்று தகப்பன் கேட்டார். அம்மா ஏதோ சொல்ல வாயெடுக்குமுன் வாளியர் உள்ளே வந்து, யாரையும் பார்க்காமல் கட்டையடிக்குப் போய் மூடியைத் திறந்தார். நான் பக்கத்தில் நின்றபடியால் எனக்கும் உள்ளே தெரிந்தது. ஒன்றின்மேல் ஒன்று ஏறிச் சிவப்பாக நெளிந்துகொண்டிருந்தன. கணித ஆசிரியையின் கண் தானாகவே எண்ணிவிட்டது. பதினேழு.

“செவ்வண்டுப் பொறியோ? நானும் கேள்விப்பட்டனான்” என்று தகப்பன் கிட்ட வந்தார். “எத்தினை விழுந்திருக்கு இந்தக் காணியில?”

வாளியர் வாளியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். என் சேலையை, என் தலையில் இருந்த பூவை, போனைப் பார்த்தார். மூடியை மெதுவாகச் சாத்தி அதன்மேல் கையை வைத்துக்கொண்டார்.

“சைபர்” என்றார்.

சொன்னது மட்டுமில்லை, கொப்பியை எடுத்து எழுதவும் செய்தார். பஸ் தீப்பிடித்து வந்தபோதுகூட நேரத்தைச் சரியாக எழுதியவர் என்று பெயர் எடுத்தவர், நோய்வாய்ப்பட்டவரைப்போல வியர்த்துக்கொண்டு நின்றார். தகப்பன் மூடியைத் திறந்து பார்க்கக் கையை நீட்ட, “கிட்ட வராதேங்கோ ஐயா. மணம் வேட்டியில பட்டால் வண்டு உங்கட வீடுவரைக்கும் பின்னால வரும்” என்று வாளியை மறைத்தார்.

அம்மாவின் முகத்தில் விளக்கு எரிந்தது. நான் பேசாமல் நின்றிருக்கவேண்டும். இரண்டு மூச்சு அப்படித்தான் நின்றேன். ஆனால் அந்தக் கொப்பிதான் உத்தியோகத்தருக்குப் போகும். அதில் சைபர் என்றால் எங்கள் மரங்களை ஒருவரும் வந்து பார்க்கமாட்டார்கள். நான் கலியாணம் முடித்து பிளேன் ஏறும்போது அப்பாவின் மரங்கள் ஒவ்வொன்றாகத் தலை சாய்க்கும். அதைவிட, வாளியர் அப்படி வியர்த்து நிற்பதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

“பதினேழு” என்றேன்.

“என்ன பிள்ளை?” என்றார் தகப்பன்.

“வாளிக்குள்ள பதினேழு வண்டு கிடக்கு மாமா. வியாழக்கிழமை பன்னிரண்டு விழுந்தது. அதை நான் புதைச்சுப்போட்டன்.”

போனுக்குள்ளிருந்து “ம்” வந்தது.

அவர்கள் நாகரிகமான ஆட்கள். தேத்தண்ணி குடித்தார்கள், பயற்றம் பணியாரம் சாப்பிட்டார்கள், கலந்து பேசிவிட்டுச் சொல்வதாகச் சொல்லி வாகனத்தில் ஏறினார்கள். ஏறுமுன் தகப்பன் வேட்டியை இரண்டுதரம் உதறி மணந்து பார்த்தார்.

அம்மா குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். வாளியருக்குப் பத்து இருபத்தைந்துக்கு அடுத்த வாளி. அவர் போகவில்லை. மரம் மரமாகப் போய்க் காதை வைத்தார். படலையிலிருந்து ஐந்தாவது மரத்தில் வெகுநேரம் நின்றார். என்னையும் கூப்பிட்டுக் காதை வைக்கச் சொன்னார். வைத்தேன். உள்ளே யாரோ முறுக்குச் சாப்பிடுகிற சத்தம். ஊர் முழுக்கக் கதை பரப்பிய நான் அப்பாவின் மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதேன். அவர் அந்தப்பக்கம் திரும்பி, கைக்கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பதுபோல நின்றார்.

திங்கட்கிழமை உத்தியோகத்தர் வந்தார். மரத்தை வெட்டிப் பிளந்தார்கள். பெருவிரல் தடிப்பில் புழுக்கள் புரண்டு விழுந்தன. அம்மா வந்து பார்த்தார். மரத்தைத் துண்டு போட்டு எரித்து, மற்ற மரங்களுக்கு வைத்தியம் பார்த்தார்கள். நாற்பத்தொன்றும் இன்றுவரை நிற்கின்றன. புதன்கிழமை தரகர் போன் எடுத்தார். இரண்டு மாதமாகப் பொருந்தியிருந்த சாதகம், வேறொரு சாத்திரியாரிடம் காட்டியபோது பொருந்தவில்லையாம். செவ்வாய் எங்கேயோ நகர்ந்துவிட்டதாம்.

அடுத்த சனிக்கிழமை பத்து ஐந்துக்கு விசில் கேட்டது. வாளியர் வாளியைத் திறக்கவில்லை. கொப்பியை விரித்து என் முன்னால் நீட்டினார். போன கிழமைப் பக்கத்தில் அந்தச் சைபர் அப்படியே இருந்தது.

“அவையள் என்ன சொன்னவை ரீச்சர்?”

“சாதகம் பொருந்தேல்லையாம் ஐயா.”

“முற்றாக முடிஞ்சுதோ? இனித் திரும்பிக் கேக்கமாட்டினமோ?”

“மாட்டினம்.”

அவர் தலையை ஆட்டிவிட்டு, அடிமட்டம் வைத்துக் கோடு கீறிச் சைபரை வெட்டி, மேலே பதினேழு என்று எழுதி, பக்கத்தில் கையெழுத்து வைத்தார். “நீரும் ஒண்டு வையும். திருத்தினால் ரெண்டு பேர் வைக்கவேணும். அது சட்டம்.”

“இதை அண்டைக்கே திருத்தியிருக்கலாமே?”

“உத்தியோகத்தரிட்டை வாயால சொல்லிப்போட்டன். கொப்பியை மட்டும் ஒரு கிழமை வைச்சிருந்தனான். அவையள் மனம் மாறித் திரும்பி வந்து கேட்டால், காட்டுறதுக்கு ஒண்டு வேணுமெல்லே.”

“ஏன் ஐயா சைபர் எண்டு சொன்னனீங்கள்?”

“அண்டைக்குக் கண்ணாடி போடேல்லை” என்றார். கண்ணாடி அன்றைக்கும் மூக்கில்தான் இருந்தது, இப்போதும் அங்கேதான் இருந்தது. நான் அதைப் பார்த்தேன், நான் பார்த்ததை அவரும் பார்த்தார். சட்டென்று விசிலை எடுத்து ஊதிவிட்டு வாளியடிக்குப் போய்விட்டார்.

என் கலியாணத்துக்காக எத்தனையோ பேர் எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறார்கள். வயதைக் குறைத்தார்கள், படத்தில் நிறத்தைக் கூட்டினார்கள், கண்ணாடி போடாத பிள்ளை என்றார்கள். ஒவ்வொன்றும் எனக்கு முள்ளாகக் குத்தியது. வாளியர் சொன்ன பொய் மட்டும் குத்தவில்லை. நான் எப்படி இருக்கிறேனோ அப்படியே என்னை விட்டுவிட்டு, எனக்காகத் தன்னை ஒருதரம் வளைத்துக்கொண்டவர் அப்பாவுக்குப் பிறகு அவர் ஒருவர்தான்.